எந்த வினாவுக்கு எந்த விடை?

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தே அதனை ஒட்டிச் செல்லும் சாலை ஒன்றுக்கு ரேஸ் கோர்ஸ் சாலை என்று பெயர். இன்று அங்கே உணவகங்களும் கோயில்களும் குடியிருப்புகளும் உள்ளனவேயன்றிக் குதிரைகள் இல்லை. 1843ஆம் ஆண்டு முதல் 1933ஆம் ஆண்டு வரை, இக்காலத்தில் பேரர் பார்க் எனப்படும் வெளியில் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. திடல் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்ந்த பின்னரும் சாலையின் பெயர் நிலைத்துவிட்டது. புக்கிட் தீமாவிலிருந்து கிராஞ்சிக்குச் சென்ற பந்தயமும் 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தோடு ஓய்ந்தது.

பேரர் பார்க் வெளியில் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், 1893ஆம் ஆண்டில், ந. வ. இரங்கசாமிதாசன் என்பார் இயற்றிய ‘குதிரைப் பந்தய லாவணி’ வெளிவந்தது. சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதுவோர் தவறாது குறிப்பிடும் தொடக்ககால நூல்களுள் அஃது ஒன்று. பந்தயத்தைப் பாட வந்த புலவர் லாவணி என்னும் பாட்டு வகையைத் தேர்ந்துகொண்டது எண்ணிப் பார்க்கத் தக்கது. ஏனெனில் லாவணியும் ஒருவகைப் பந்தயமே.

லாவணி, மராட்டியர் ஆட்சிக் காலத்தில் தஞ்சைப் பகுதியில் வேரூன்றிய பாட்டு. காமன் பண்டிகை நடைபெறும் ஊர்களில் இரு பாடகர்கள் எதிரெதிரே அமர்வர். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தே போனான் என்பது ஒருவர் கட்சி. எரியவில்லை என்பது மற்றவர் கட்சி. முன்னதற்கு எரிந்த கட்சி என்றும் பின்னதற்கு எரியாத கட்சி என்றும் பெயர். ஒருவர் பாட்டாலே வினாத் தொடுப்பார்; மற்றவர் பாட்டாலே விடையிறுத்து, எதிர்வினாவும் தொடுப்பார். இரவு முழுதும் இது தொடரும். மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்பது எந்த ஊரிலும் முடிவானதில்லை. முடிவை நாடி எவரும் அங்கு வந்ததுமில்லை.

இத்தகைய அவையில் வைத்துப் பாடத்தக்க வழக்கு ஒன்று தமிழ் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது. வினா முந்தியதா, விடை முந்தியதா என்பதே அவ்வழக்கு. விளையாட்டாகத் தோன்றும் இது, சிங்கப்பூர்த் தமிழ் வகுப்பறையின் உயிர்நிலையோடு தொடர்புடையது என்பதைப் போகப் போகக் காணலாம்.

இரு நூல்கள், இரு வரிசைகள்

மக்கள் வழக்கில் ‘வினா விடை’ என்றும் ‘கேள்வி பதில்’ என்றுமே கூறுவர். ‘விடை வினா’ என்று எவரேனும் மாற்றிக் கூறினால் கேட்போர் நகைப்பர். ஆயினும், தமிழில் கிடைக்கும் இலக்கண நூல்களுள் மிகத் தொன்மையான தொல்காப்பியம், சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், செப்பை முன்னும் வினாவைப் பின்னும் வைத்தே பேசுகிறது. செப்பு என்பது விடை. செப்பும் வினாவும் பிழைபடாமல் காக்கப்பட வேண்டும் என்று விதிக்கும் இடத்திலும், சினையையும் முதலையும் ஒப்பிட்டுப் பேசும் முறையை விதிக்கும் இடத்திலும் செப்பே முன் நிற்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலோ இவ்வரிசையை மாற்றிவிட்டது. அது முதலில் அறுவகை வினாவைக் கூறி, அடுத்து எண்வகை விடையைக் கூறுகிறது. சினை, முதல் பற்றிய விதியிலும் நன்னூலில் வினாவே முன் வருகிறது.

ஆசிரியர்கள் வகுப்பில் இவ்விரு நூல்களையும் விளக்கும்போது இந்த மாற்றத்தை நின்று நோக்குவது அரிது. நோக்கினால், லாவணிக்கு வேண்டிய இரு கட்சிகளும் அமைந்துவிடும்.

செப்பே முந்தியது என்னும் கட்சியார்க்குச் சான்றுகள் பல உண்டு. வினவாதவிடத்தும் செப்பு நிகழும். ‘மழை பெய்கிறது’ என்று ஒருவன் தானாகவே கூறுகிறான். ஆனால் எதுவுமே அறியாத இடத்தில் வினா எழுவதில்லை. ‘அது என்ன?’ என்று குழந்தை கேட்பதற்கு முன்னர் ‘அது’ என்று சுட்டத்தக்க ஒரு பொருள் அதன் கண்ணில் பட்டிருத்தல் வேண்டும். இலக்கணத்தை நோக்கினும் இது விளங்கும். ‘சாத்தன் வந்தான்’ என்பது கூற்று. அதன் இறுதியில் ஓர் ஆகாரத்தைச் சேர்த்தால் ‘சாத்தன் வந்தானா?’ என்று வினாவாகிவிடுகிறது. ஆகவே வினா என்பது விடையின் வாலில் ஓர் எழுத்தைக் கட்டிச் செய்யப்பட்டதேயாம் என்பர் இக்கட்சியார்.

வினாக் கட்சியார் இதற்கு இசையார். ‘யார் வந்தார்?’ என்னும் வினாவில் எந்தக் கூற்றின் வாலில் எந்த எழுத்துக் கட்டப்பட்டது என்று அவர்கள் வினவுவர். வினா எழுத்துகள் ஐந்தனுள் ஆ, ஓ ஆகியவை சொல்லின் இறுதியில் வருவன. எ, யா ஆகியவை சொல்லின் முதலில் வருவன. ஏ ஈரிடத்தும் வரும். விடையின் பின்னே நிற்கும் வினாவும் தமிழில் உண்டு. முன்னே நிற்கும் வினாவும் உண்டு. எழுத்திலக்கணத்தில் வழக்கு இரு திறத்தார்க்கும் சமமாகவே முடிகிறது.

இனி நூல்களுக்குள்ளே சற்று நுழைந்து பார்த்தால் நகைப்புக்கு இடமான ஒரு செய்தி தெரியவரும். வினாவை முன்வைத்த நன்னூல், அறுவகை வினாக்களுள் முதலாவதாகக் கூறுவது அறிவினா. தான் முன்னரே அறிந்த பொருளைப் பிறருக்கு அறியுமா என்று பார்க்கக் கேட்பது அது; ஆசிரியர் மாணாக்கரிடம் கேட்கும் வினா. அங்கே விடை முந்திவிட்டது. அதுபோலவே, செப்பை முன்வைத்த தொல்காப்பியம், வினாவுக்கு எதிராக மற்றொரு வினா வந்தால் அவ்வினாவும் செப்பே என்று கூறிவிடுகிறது. ‘சாப்பிட வருகிறாயா?’ என்று கேட்டவனிடம் ‘வராமல் இருப்பேனா?’ என்று கேட்பது வடிவத்தால் வினா, பயனால் விடை. அங்கே செப்பின் இருக்கையில் வினா ஏறி அமர்ந்துவிட்டது. இரு நூல்களும் தத்தம் கட்சிக்குள் எதிர்க்கட்சிக்கு ஓரிடம் ஒதுக்கியே வைத்துள்ளன.

விடை முந்திய வரலாறு

கல்வி வரலாற்றைப் புரட்டினால் விடைக் கட்சியின் கை ஓங்கியிருப்பதைக் காணலாம். திண்ணைப் பள்ளியில் சிறுவர் ஆத்திசூடியையும் எண்சுவடியையும் நிகண்டையும் முதலில் நெட்டுருச் செய்தனர். பொருள் பின்னர் வந்தது. வினா அதற்கும் பின்னர் வந்தது. விடைகளின் களஞ்சியம் ஒன்றை இளமையிலேயே நிரப்பிவிட்டால், வாழ்க்கை வினாக்களைக் கொண்டுவரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பது அக்கால ஆசிரியர்களின் துணிபு.

விளையாட்டிலும் அவ்வாறே. விடுகதையைத் தொல்காப்பியர் பிசி என்பார். விடுகதை புனைபவர் விடையிலிருந்தே தொடங்குகிறார். தேங்காயை மனத்தில் வைத்துக்கொண்டுதான் தேங்காயைப் பற்றிய விடுகதையைக் கட்ட முடியும். சித்திரகவிகளுள் வினாவுத்தரம் என்பது இன்னும் நுட்பமானது. புலவர் முதலில் ஒரு சொல்லைத் தேர்ந்து, அதனைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் விடையாகும்படி வினாக்களை அமைப்பார். கேட்பவர்க்கு வினா முந்தியது. புனைந்தவர்க்கு விடை முந்தியது.

அச்சு வந்தபோதும் இம்முறையே தொடர்ந்தது. 1579ஆம் ஆண்டில் கொச்சியில் அச்சான ‘கிரீசித்தியானி வணக்கம்’, தமிழில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் ஒன்று. ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழாக்கிய அந்நூல் வினாவிடை வடிவில் அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் சைவச் சிறுவர்க்கென ‘சைவ வினாவிடை’ எழுதினார். சமயம் வேறாயினும் வடிவம் ஒன்றே. இரண்டிலும் வினா முதலில் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் எழுதியவர் உள்ளத்தில் விடையே முதலில் இருந்தது. கற்பிக்க வேண்டிய உண்மை முன்னரே முடிவாகிவிட்டது. அதனை ஏந்திச் செல்லும் தட்டாகவே வினா பயன்பட்டது.

சிங்கப்பூரிலும் அச்சுத் தமிழ் உரையாடல் வடிவை விரைவில் நாடியது. சி. கு. மகுதூம் சாயபு 1887ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ வார இதழில், 1888ஆம் ஆண்டில் ‘வினோத சம்பாஷணை’ என்னும் உரையாடல் வெளிவந்தது. தமிழ்ச் சிறுகதையின் தொடக்கத்தை ஆராய்வோர் சிலர் அதனையும் கணக்கில் கொள்வர். சொல்ல வேண்டிய கருத்தை நேரே சொல்லாமல், மாந்தரைப் பேசவிட்டுச் சொல்லும் உத்தி அன்றே இத்தீவில் கால்கொண்டுவிட்டது.

விடை முந்தி வந்து வினாவுக்காகக் காத்திருந்த நிகழ்ச்சி ஒன்றும் சிங்கப்பூர் வரலாற்றில் உண்டு. 1877ஆம் ஆண்டில் ரப்பர்க் கன்றுகள் 22 இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வெளிப்பட்டு இலங்கை வழியாகச் சிங்கப்பூர் பூமலைக்கு வந்து சேர்ந்தன. அப்பொழுது அவற்றைப் பெரிதாக விரும்பிக் கேட்டவர் இலர். 1888ஆம் ஆண்டில் பூமலையின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, தோட்டக்காரர்களை ரப்பர் பயிரிடுமாறு வற்புறுத்தினார். அவரைப் பித்தர் என்றே பலர் எள்ளினர். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. சக்கரத்துக்கு ரப்பர் எங்கே என்று உலகம் கேட்டது. விடையோ ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பூமலையில் வளர்ந்துகொண்டிருந்தது. அந்த விடையின் பயனாகவே தமிழர் பல்லாயிரவர் கப்பலேறி மலாயாவின் தோட்டங்களுக்கு வந்தனர் என்பதை எண்ணினால், இவ்வழக்கு வெறும் சொல்விளையாட்டன்று என்பது புலனாகும்.

வினாக் கட்சியின் மறுமொழி

வினாக் கட்சியார் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரிட்லி கேட்டது என்ன என்று வினவுவர். மரம் பதினோர் ஆண்டுகளாக நின்றுகொண்டுதான் இருந்தது. மரத்துக்கு ஊறின்றிப் பால் எடுப்பது எவ்வாறு என்று ஒருவர் கேட்கும்வரை அது வெறும் மரமே. வினா வந்த பின்னரே அது விடையாயிற்று. கேட்கப்படாத விடைக்கு விடை என்ற பெயர் பொருந்தாது என்பது இவர்கள் வாதம்.

இலக்கியத்திலிருந்தும் இவர்கள் சான்று காட்டுவர். உமாபதி சிவாசாரியார் பதினான்காம் நூற்றாண்டில் இயற்றிய ‘வினா வெண்பா’, மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்று. பதின்மூன்று வெண்பாக்களால் ஆகிய அச்சிறு நூல், ஆசிரியரை நோக்கி மாணாக்கர் கேட்கும் வினாக்களாகவே அமைந்துள்ளது. விடையைத் தனியே எழுதிவைக்கவில்லை. வினாவைச் செம்மையாகக் கேட்கத் தெரிந்தவனுக்கு விடை அதனுள்ளேயே கிடைக்கும் என்பது நூலின் போக்கு.

தருமியின் கதையோ இக்கட்சிக்குக் கிடைத்த பொற்கிழி. பாண்டியன் உள்ளத்தில் எழுந்த ஐயம் ஒன்று: மகளிர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா, இல்லையா என்பது அது. ஐயத்தைத் தீர்க்கும் பாட்டுக்குப் பொற்கிழி தொங்கவிடப்பட்டது. இறைவன் எழுதிக் கொடுத்த பாட்டைத் தருமி அவைக்குக் கொண்டுவந்தான் என்று திருவிளையாடற் புராணம் கூறும். அப்பாட்டு, குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக இறையனார் பெயரால் உள்ளது. அதனைக் கற்ற மாணாக்கர் அறிவர்: அது தலைவன் ஒரு வண்டை விளித்துக் கேட்கும் வினா. மன்னனின் வினாவுக்கு விடையாகப் பரிசு பெற வந்த பாட்டே ஒரு வினாவாக இருக்கிறது! ஆயினும் விடைக் கட்சியார் இங்கும் விடமாட்டார். தலைவன் விடையை அறியாமலா வண்டைக் கேட்கிறான்? தலைவியின் கூந்தலுக்கு நிகரில்லை என்று முன்னரே முடிவு செய்துகொண்டு கேட்பது அறிவினாவன்றோ என்பர். 1965ஆம் ஆண்டில் வெளிவந்த ‘திருவிளையாடல்’ திரைப்படத்தில் நாகேசு நடித்த தருமி, வினாக்களைக் கேட்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டு விடையளிக்கும் வேலையை எதிரில் நின்ற இறைவனுக்கு விட்டுவிட்டதைக் கண்டு தமிழுலகம் சிரித்தது. கேட்பது எளிது என்று தருமி எண்ணினான். நன்றாகக் கேட்பது எளிதன்று.

கிரேக்க நாட்டிலும் இவ்வழக்கு நடந்தது. பிளேட்டோவின் ‘மேனோ’ என்னும் உரையாடலில் ஒரு சிக்கல் எழுப்பப்படுகிறது. தேடும் பொருளை முன்னரே அறிந்தவன் அதனைத் தேட வேண்டியதில்லை. அறியாதவனோ, அது கிடைத்தாலும் இதுதான் அது என்று எவ்வாறு தெரிந்துகொள்வான்? சாக்ரட்டீசு இதற்கு நேரே விடை கூறி நிறுத்திக்கொள்ளாமல், எழுத்தறியாத அடிமைச் சிறுவன் ஒருவனை அழைத்து, தரையில் சதுரம் ஒன்றை வரைந்து, அதன் பரப்பை இருமடங்காக்குவது எப்படி என்று கேட்கிறார். சிறுவன் முதலில் தவறுகிறான். தவறியபின் தான் அறியாமையை உணர்கிறான். உணர்ந்தபின் அடுத்தடுத்த வினாக்களால் சரியான விடையை அடைகிறான். முதலில் தவறான விடை, பின்னர் உண்மையான வினா, பின்னர் சரியான விடை என்னும் இவ்வரிசை, நல்லாசிரியர் எவர் வகுப்பிலும் நாள்தோறும் காணத்தக்கது.

மணிமேகலை காட்டும் வழி

இரு கட்சியும் இவ்வாறு வாதிட்டுக்கொண்டே இருக்கலாம். வழக்கைத் தீர்க்கும் வழி ஒன்றைத் தமிழ்க் காப்பியம் ஒன்று முன்னரே கூறிவைத்துள்ளது. மணிமேகலை, வாதங்களின் காப்பியம். புகாரின் இந்திர விழாவை அறிவிக்கும் முதற்காதையிலேயே வாதிட வல்லோர் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைக்கப்படுகின்றனர். பின்னர் வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயக் கணக்கர் பலரையும் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். இறுதிக் காதையில், அறவண அடிகள் வாயிலாக, வினாவுக்கு விடையிறுக்கும் முறைகள் நான்கு கூறப்படுகின்றன: துணிந்து சொல்லுதல், கூறுபடுத்திச் சொல்லுதல், எதிர்வினாவால் விடுத்தல், வாய் திறவாதிருத்தல்.

தோன்றியது அழியுமா என்று கேட்டால், அழியும் என்று துணிந்து கூறலாம். இறந்தவன் மீண்டும் பிறப்பானா என்று கேட்டால், பற்று அற்று இறந்தவனா, அறாமல் இறந்தவனா என்று கூறுபடுத்த வேண்டும். வானத்துப் பூ பழையதா, புதியதா என்று கேட்டால் பேசாதிருத்தலே விடை. எஞ்சி நிற்கும் எதிர்வினா முறைக்குக் காப்பியம் தரும் எடுத்துக்காட்டு இவ்வழக்குக்கென்றே எழுதப்பட்டதுபோல் உள்ளது. முட்டை, பனை ஆகிய இரண்டனுள் முந்தியது எது என்று ஒருவர் கேட்டால், எந்த முட்டைக்கு எந்தப் பனையைக் கேட்கிறீர் என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பதே அது. இங்கு முட்டை என்பது முளைக்கும் வித்தைக் குறித்து நின்றது. கோழியா, முட்டையா என்று உலகமெங்கும் சிறுவர் கேட்டு மகிழும் புதிரைத் தமிழ்க் காப்பியம் பனையை வைத்துக் கேட்டிருக்கிறது. அதற்கு மயங்காமல் மறுமொழியும் கூறியிருக்கிறது.

அம்மறுமொழியின் நுட்பம் இது: வித்து, மரம் என்று பொதுவாகப் பேசினால் முடிவு கிடையாது. குறித்த ஒரு வித்தைக் காட்டினால் அதற்கு முந்திய மரத்தையும் பிந்திய மரத்தையும் காட்டிவிடலாம். வினா முந்தியதா, விடை முந்தியதா என்பாரிடமும் ‘எந்த வினாவுக்கு எந்த விடை?’ என்றே கேட்க வேண்டும். அறிவினாவுக்கு விடை முந்தியது. அறியாவினாவுக்கு வினா முந்தியது. ஐயவினாவுக்கு விடைகள் இரண்டு முந்தி வந்து போரிடுகின்றன. கயிறோ, பாம்போ என்று ஐயுறுபவன் இரு விடைகளையும் கையில் வைத்துக்கொண்டே திகைக்கிறான். பவணந்தியார் வினாவை ஆறாக வகுத்ததன் பயன் இதனால் விளங்கும். வினாவை எழுப்புபவர் யார், எந்நிலையில் நின்று எழுப்புகிறார் என்பது தெரிந்தால் வரிசை தானே தெரிந்துவிடும்.

சிங்கப்பூர் வகுப்பறையில்

இனி இவ்வழக்கைச் சிங்கப்பூர் வகுப்பறைக்குக் கொண்டுவரலாம். இத்தீவில் தமிழ்க் கல்வியின் கதை நீண்டது; மேடு பள்ளங்களும் உடையது. 1834ஆம் ஆண்டில் சிங்கப்பூர் இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்புத் தொடங்கப்பட்டு, சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. 1946ஆம் ஆண்டில் கடையநல்லூர் மக்களின் முயற்சியால் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி எழுந்தது. பின்னர் அது தமிழ்வழி உயர்நிலைக் கல்வியும் அளித்து, 1982ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் பெயரைத் தாங்கி 1983ஆம் ஆண்டில் தோன்றிய உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் இன்று சிராங்கூன் சாலையை அடுத்த பீட்டி சாலையில் இயங்குகிறது.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு 1960ஆம் ஆண்டில் முதன்முறையாக நடந்தபோது நான்கு மொழிகளிலும் எழுத வழியிருந்தது. தமிழ் மாணாக்கன் கணக்கையும் அறிவியலையும் தமிழிலேயே கற்றான். ஆதலின் உலகைப் பற்றிய அவனுடைய வினாக்களும் தமிழிலேயே பிறந்தன. நிலவு ஏன் தேய்கிறது, இரும்பு ஏன் துருவேறுகிறது என்று அவன் தமிழில் கேட்டான். தமிழ்வழிப் பள்ளிகள் மறைந்தபின், தமிழ் ஒரு பாடமாக மட்டும் எஞ்சியது. உலகைப் பற்றிய வினாக்கள் ஆங்கில வகுப்புகளுக்குச் சென்றுவிட்டன. தமிழ் வகுப்பில் எஞ்சியவை பெரும்பாலும் ஆசிரியர் கேட்கும் அறிவினாக்களே.

தேர்வுத் தாளை எடுத்துக்கொள்ளலாம். தெரிவுவிடைக் கருத்தறிதலில் நான்கு விடைகள் முன்னரே அச்சிடப்பட்டுள்ளன. மாணாக்கர் சுட்டிக்காட்டினால் போதும். சுயவிடைக் கருத்தறிதலில் மாணாக்கர் முதலில் வினாக்களைப் படித்துவிட்டு, பின்னர்ப் பத்தியில் விடையைத் தேடிச் செல்வது வழக்கமாகிவிட்டது. இவை தேவையற்றவை என்று எவரும் கூறார். அறிவினா இன்றிக் கற்பித்தல் இல்லை. ஆயின் ஒரு மாணாக்கர் பத்தாண்டுகள் தமிழ் கற்று, அப்பத்தாண்டுகளிலும் தமிழில் விடை மட்டுமே கூறி, தாமாக ஒரு வினாவும் தமிழில் கேட்காமல் பள்ளியை விட்டு வெளியேற முடியும் என்பது வருந்தத்தக்க நிலை.

நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கர் கற்கும் முறையை வரிசைப்படுத்துகிறது. உலக வழக்கை அறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டதைச் சிந்தித்தல், ஆசிரியரிடம் மீண்டும் சென்று கேட்டல், உடன்கற்பாரோடு பயிலுதல் ஆகியவற்றின்பின் மாணாக்கர் தாமே வினவுதலும், அதன்பின் பிறர் வினவியவற்றுக்கு விடை கூறுதலும் வருகின்றன. நெட்டுருவோடு நின்றுவிடுமாறு நன்னூலார் கூறவில்லை. மாணாக்கர் வினவுவதையும் கல்வியின் ஒரு படியாகவே வைத்தார். அதனை விடை கூறுவதற்கு முற்பட்ட படியாகவும் வைத்தார். திண்ணைப் பள்ளியைப் பழிப்போரும் தேர்வுத் தாளைப் போற்றுவோரும் இவ்விடத்தைப் படிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காச் சந்தைக்குள் சற்று நின்றால் இந்நிலையின் மறுபக்கம் காதில் விழும். காய்கறிக் கடையில் பேரன் முருங்கைக்காயைச் சுட்டி, அஃது என்ன, ஏன் இவ்வளவு நீளம் என்று ஆங்கிலத்தில் கேட்கிறான். பாட்டி தமிழில் விடை கூறுகிறார். பேரனுக்கு அவ்விடை விளங்குகிறது. அடுத்த வினாவையும் அவன் ஆங்கிலத்திலேயே கேட்கிறான். விடை தமிழில் இருக்கிறது. வினா தமிழில் இல்லை. பாட்டியின் காலத்துக்குப் பின் அவ்விடையைத் தமிழில் கூறுவார் யார்? ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய சிங்கப்பூர்க் குடியிருப்பாளருள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர், 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 3.3 பேர், 2020ஆம் ஆண்டில் 2.5 பேர். இவ்வெண்களுக்குப் பின்னால் நிற்பது தேக்காவில் கேட்ட அந்த உரையாடலே. ஒரு மொழியில் வினா எழுவது நின்றால், விடைகள் அதில் நெடுநாள் தங்கமாட்டா.

கல்வித் துறையும் இதனை அறியாமலில்லை. ‘சிந்திக்கும் பள்ளிகள், கற்கும் நாடு’ என்னும் கொள்கை 1997ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. கற்பிப்பதைக் குறைத்துக் கற்பதைப் பெருக்க வேண்டும் என்னும் கருத்து 2004ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் எழுந்தது. தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு 2005ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தபின், பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் உரிய இடம் கிடைத்தது. பேச்சு வந்தால் வினாவும் வரும். பேச்சு என்பது வினாவும் செப்புமாகவே நடைபெறுவது என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே உணர்த்தியிருக்கிறது.

வழி அமைந்துவிட்டது, நடக்க வேண்டியவர்கள் ஆசிரியர்களும் மாணாக்கரும். அதற்குப் புதிய கருவிகள் வேண்டா. பழைய கருவிகளே போதும். கருத்தறிதல் பத்தியைக் கொடுத்து, விடைகளையும் கொடுத்து, அவ்விடைகளுக்குரிய வினாக்களை மாணாக்கரே எழுதுமாறு வாரத்தில் ஒருநாள் செய்யலாம். வினாவுத்தரம் அமைத்த புலவர் செய்ததும் அதுவே. விடுகதை கேட்பதோடு நில்லாமல், விடுகதை புனையுமாறு மாணாக்கரைத் தூண்டலாம். லாவணியின் விதியை வகுப்புக்குக் கொண்டுவந்து, விடை கூறும் ஒவ்வொருவரும் அவ்விடையை ஒரு தமிழ் வினாவோடு முடிக்க வேண்டும் என்று வைக்கலாம். முதல் வாரத்தில் வினாக்கள் தடுமாறும்; பிழையும் மலியும். சாக்ரட்டீசின் முன் நின்ற சிறுவனும் முதலில் தவறியே கற்றான்.

வழக்கின் தீர்ப்பு இனி எளிது. தமிழில் ‘கேள்’ என்னும் வினைக்குச் செவியால் ஏற்றல் என்றும் வினவுதல் என்றும் இரு பொருள் உண்டு. திருக்குறளின் நாற்பத்திரண்டாம் அதிகாரத்துக்குக் கேள்வி என்று பெயர். அங்கே அது கற்றவர் கூறுவதைச் செவிமடுத்தலைக் குறிக்கிறது. தேர்வுத் தாளில் அதே சொல் வினாவைக் குறிக்கிறது. விடையை ஏற்பதும் வினாவை எழுப்புவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்க, எது முந்தியது என்று பிரித்துப் பார்ப்பது அரிது. பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று உண்டு. வகுப்பில் இன்று எழுந்த வினாக்களுள் மாணாக்கர் எழுப்பியவை எத்தனை, அவற்றுள் தமிழில் எழுந்தவை எத்தனை என்று ஒவ்வோர் ஆசிரியரும் நாள் முடிவில் எண்ணிப் பார்ப்பதே அது. அந்த அறியாவினாவுக்கு விடை எந்த நூலிலும் முன்னரே எழுதப்படவில்லை.